‘போறேன்’ என்று சொன்ன மான்

ஒரு குளத்தங்கரையில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. உடம்பெல்லாம் முள். யார் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்? இரை தேடுவதும் தனியே, தின்பதும் தனியே.

ஆனால் முள்ளிக்குக் கதை சொல்ல வரும். சாயங்காலமானால் கொக்கு, மந்தி, முயல் என்று ஒரு கூட்டம் சேரும். நாலு முழம் தள்ளித்தான் உட்காரும். முள்ளிக்கு அதுவே பெரிது. இன்னும் தள்ளி, தாழம்புதர் ஓரமாக ஒரு கீரியும் உட்காரும். வாயே திறக்காது.

அந்த வாரம் ஒரு காதல் கதை. குழந்தைக் கதை இல்லை, வளர்ந்தவர்களுக்கானது. ஒரு பெண் மான். குறை சொல்ல முடியாத புருஷன். ஆனாலும் அது ஒற்றைக்கொம்பன் என்ற வேறொரு கலைமான் மேல் மனசை வைத்துவிட்டது. ஒற்றைக்கொம்பன் யோக்கியன் இல்லை. புலி துரத்தியபோது கூடப்பிறந்தவனைத் தள்ளிவிட்டுத் தான் தப்பியவன். அது மானுக்கும் தெரியும். தெரிந்தேதான் விரும்பியது.

கதை இப்படி முடிந்தது: "மான் புருஷன் முன்னால் போய் நின்றது. ‘போறேன்’ என்றது. போய்விட்டது."

கூட்டம் கொதித்தது.

"போறேனா?" மந்தி குதித்தது. "கிளம்பும்போது யாராவது அந்த வார்த்தையைச் சொல்லுவாங்களா? ‘போயிட்டு வரேன்’னுதானே சொல்லணும்!"

"அது திரும்பி வரப்போறதில்லையே மந்தியக்கா. அதான் அந்த வார்த்தை" என்றது முள்ளி.

"வரணும்!" என்றது கொக்கு. காலையிலிருந்து பதினோரு மீனை விழுங்கிவிட்டு வந்து நியாயம் பேசுகிறது, பாருங்கள்! "வந்து புருஷன் காலில் விழணும். ஒற்றைக்கொம்பனைப் புலி தின்னணும். நம்ம பிள்ளைங்க கெட்டுப்போகாதா?"

"பிள்ளைங்களை விட்டுட்டு வாங்கன்னு முதல் நாளே சொன்னேனே, கொக்கு மாமா!"

முயல் பேரத்துக்கு வந்தது. "சரி, ஒற்றைக்கொம்பன் சாக வேண்டாம், திருந்தட்டும். அதுவும் முடியாதா? மான் ஒரு சொட்டுக் கண்ணீராவது விடட்டும். ‘வரேன்’னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோ. உனக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம், படிஞ்சிடும்!"

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசலாம். ஒருத்தியின் கதைக்கும் பேசுவதா? பேசின!

"மாத்தலேன்னா நாளையிலிருந்து ஒருத்தரும் வரமாட்டோம்!" என்றது கொக்கு.

முள்ளி ஆளில்லாத கரையை நினைத்துப் பார்த்தது.

"சரி... ‘போயிட்டு வரேன்’னுதான் சொல்லிச்சு. ஒரு மாசத்தில் திரும்பியும் வந்துடுச்சு."

"சபாஷ்!" என்று கூட்டம் கூத்தாடியது.

மறுநாள் எல்லாம் வந்தன. கீரி மட்டும் வரவில்லை. அதற்கு மறுநாள் காலையில் முள்ளி தேடிப் போனது. கீரி காட்டை விட்டே கிளம்பி, எல்லையில் நடந்துகொண்டிருந்தது.

"கதை பிடிக்கலையா?"

"முதல்ல சொன்னது பிடிச்சிருந்தது. நானும் புருஷனை விட்டுட்டு அப்படித்தான் வந்தேன். நான் விரும்பினவனும் நல்லவன் இல்லை. அவனும் போயிட்டான். இந்தக் காட்டில் என் பேரைச் சொன்னாலே துப்புறாங்க. நீ ஒருத்திதான் அப்படிப்பட்டவ கதையைத் துப்பாம சொன்னே."

"அவங்க மிரட்டினாங்க..."

"தெரியும்."

"நீயாவது ‘மாத்தாதே’ன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

"நான் எதுக்குப் போடணும்? கதை உன்னது. பிடிச்சா உட்காருவேன், பிடிக்கலேன்னா எழுந்து போவேன். கேட்கிறவளுக்கு அவ்வளவுதான் பாத்தியதை."

கீரி திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

அன்று சாயங்காலம் முள்ளி கூட்டத்தின் முன் நின்றது. முள் அத்தனையும் சிலிர்த்திருந்தது.

"மான் ‘போறேன்’னுதான் சொல்லிச்சு. திரும்பி வரவே இல்லை. இனி ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்!"

"உன் கதையை நீயே கட்டிக்கிட்டு அழு!" கொக்கு பறந்தது. மந்தி பின்னாலேயே போனது. முயல் மட்டும் சற்று நின்று, "ஒரே ஒரு சொட்டு?" என்று கேட்டுப் பார்த்தது.

"அழலை!" என்றது முள்ளி.

முயலும் போயிற்று.

கரையில் ஈ காக்கை இல்லை. முள்ளி கதையை முதலிலிருந்து ஆரம்பித்தது. கூட்டத்துக்குச் சொல்லும் அதே உரத்த குரலில், ஒரு வார்த்தை குறைக்காமல் கடைசிவரை சொல்லி முடித்தது. ‘ஊம்’ கொட்ட ஒருவரும் இல்லை.

பிடிக்காத கதையிலிருந்து எழுந்து போக எவருக்கும் உரிமை உண்டு. சொல்பவளின் வாய்க்குள் தன் சொல்லைத் திணிக்க எவருக்கும் உரிமை இல்லை.