கண் மூடப்பட்ட ஐம்பத்தொன்று

இது நான் நேரில் கண்டதில்லை. கோயம்புத்தூரில் சிப் வரையும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் அறைத்தோழி சொன்னாள். அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்டி" என்று முடித்துவிட்டாள். கேட்டபடியே எழுதுகிறேன்.

ஒரு கணினித் திரைக்குள் நிறைய அடுக்குகள் குடியிருந்தன. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் அவை கிடந்தன. எல்லாம் சேர்ந்தால் ஒரு சிப்பின் வரைபடம். அவற்றில் நான்கு பேர் மட்டும் இந்தக் கதைக்குப் போதும்.

நீலம் அண்ணன் குறுக்கே ஓடும் கம்பி. அவருக்கு மேல்தளத்தில் ஊதா அக்கா, நெடுக்கே ஓடும் கம்பி. இருவரும் ஆயிரக்கணக்கான இடங்களில் கடந்து போவார்கள். ஆனால் தொட்டுக்கொள்ள மாட்டார்கள். நடுவே தடுப்பு உண்டு. எங்கே தொட வேண்டுமோ அங்கே மட்டும் ஒரு துளை இருக்கும். அந்தத் துளைகளின் அடுக்குக்குப் பொட்டு என்று பெயர். சின்னச் சின்ன வெள்ளைச் சதுரங்கள், எண்ணூறு. அவள் வழியாகத்தான் மின்சாரம் கீழிருந்து மேலே ஏற வேண்டும். எல்லோருக்கும் உச்சியில் மஞ்சள் அண்ணன். எந்தக் கம்பிக்கு என்ன பெயர் என்று எழுதி வைப்பது அவர் வேலை.

திரையின் ஓரத்தில் ஒரு நீளப் பட்டியல். ஒவ்வொரு அடுக்குக்கும் அதில் ஒரு வரி: பெயர், நிறம், ஓர் எண், பக்கத்தில் ஒரு குட்டிக் கண். கண்ணைத் தட்டினால் அடுக்கு மறையும். மறுபடி தட்டினால் தெரியும்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வரைபடம் சிப் செய்யும் ஆலைக்குப் போகவேண்டும். காலையிலிருந்தே திரைக்குள் கல்யாண பஸ் கிளம்பும் கூத்து.

"ஜன்னல் சீட் எனக்கு!" என்றார் நீலம்.

"நீங்க கீழ்த்தளம். உங்களுக்கு ஏது ஜன்னல்?" என்றாள் ஊதா.

"சண்டை போடாதீங்க. என்னை முன்னாடி உக்கார வச்சாத்தான் டிரைவருக்கு ஊர்ப் பேரே படிக்க முடியும்" என்றார் மஞ்சள்.

பொட்டு எண்ணூறு இடத்திலும் ஒரே நேரத்தில் குதித்தாள். "அக்கா, ஆலையில என்னைப் படம் எடுப்பாங்களாமே, நெஜமாவா?"

"எடுப்பாங்க. நீ அசையாம நில்லு, போதும்."

அப்போதுதான் பெனிட்டா கொட்டாவி விட்டாள். இந்த வரைபடத்தை வரைந்தவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். "கண்ணு முன்னாடி வெள்ளை வெள்ளையா மினுக்குது" என்று பொட்டின் கண்ணைத் தட்டினாள்.

பொட்டு மறைந்துபோனாள்.

"எங்கடா போனா அவ?" என்றார் மஞ்சள்.

"இங்கதாண்ணே இருக்கேன்!"

"குரல் கேக்குது, ஆளக் காணோம். சரிதான், உன் சீட்டு காலி!"

மஞ்சள் சும்மா சீண்டத்தான் சொன்னார். பொட்டுக்கு அது ஆணி அடித்ததுபோல் இறங்கியது. தன்னையே குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஐம்பத்தொன்று என்று எண் போட்ட தன் வரியில் மூடிக் கிடந்த கண்ணிடம் ஓடினாள். "கண்ணே, தெறந்துடேன். ஊருக்குப் போகணும்."

"தட்டினா மூடுவேன், தட்டினா தெறப்பேன்" என்றது கண். "ஊருக்குப் போறவங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சாப்பிட்டுவிட்டு வந்த பெனிட்டா காலையில் தட்டியதை மறந்தே போயிருந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ ஆண்டவரே! துளையே போடலையா நான்?" துளை இல்லாத சிப்பில் மின்சாரம் ஏறாது, மொத்தமும் வீண். மணி இரண்டரை. பட்டியலை மேலும் கீழும் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. புதிதாக ஒரு வரி சேர்த்தாள். நிறம் வெள்ளை. கணினி எண் கேட்டது, எண்பது என்று அடித்தாள். எண்ணூறு சதுரங்களையும் மறுபடி வைத்தாள்.

பொட்டு நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவள்மேலேயே இன்னொருத்தி வந்து நின்றாள்.

"சாரிக்கா, காலை மிதிச்சுட்டேனா? இங்க ஆள் இருக்குன்னு தெரியாது" என்றாள் புதியவள்.

"நீ யாரு?"

"தெரியலக்கா. நான் பொறந்தே பத்து நிமிஷந்தான் ஆச்சு. நல்லா இருக்கேனா?"

நன்றாகத்தான் இருந்தாள். அச்சு அசல் பொட்டு மாதிரியே. தன் இடம் போய்விட்டது என்றே பொட்டு நினைத்துக்கொண்டாள்.

நாலு மணி. வாசலில் அட்டவணையார் வந்து உட்கார்ந்தார். ஆலை அனுப்பிய ஆள். கையில் ஒரு தாள், அதில் எண்களைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான் நீலம்!"

"நிறமெல்லாம் இங்க செல்லாது தம்பி. நம்பர்?"

"முப்பத்தொண்ணு."

"ஏறு."

ஊதா நாற்பத்தொன்று, ஏறினாள். மஞ்சள் மீசையை முறுக்கிக்கொண்டு அறுபத்துமூன்று என்றார். அட்டவணையார் தாளைத் தடவிப் பார்த்தார். "இல்லை. நீ வரையறவங்க படிக்கிறதுக்கு. ஆலையில உனக்கு வேலை கிடையாது. அடுத்து?"

"எண்பது!" என்று துள்ளினாள் புதியவள்.

"அதுவும் இல்லை."

"பரவால்ல சார். நான் பொறந்து ஒன்றரை மணி நேரந்தானே ஆச்சு." போய் மஞ்சளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஐம்பத்தொண்ணு?" என்றார் அட்டவணையார்.

பஸ்ஸுக்குள்ளிருந்து நீலம் எட்டிப் பார்த்தார். "ஏய் பொட்டு! நீ வரலன்னா நானும் உங்க அக்காவும் பக்கத்து பக்கத்து சீட்ல உக்காந்து பேசாம வர்ற மாதிரிதான். விளக்கு எரியாதுடி!"

"ஐம்பத்தொண்ணு, கடைசித் தடவை!"

"இருக்கேன் சார்" என்றாள் பொட்டு மெல்ல. "ஆனா தெரியமாட்டேன்."

"உன்னைத் தெரியுதான்னு யாரு கேட்டா? தாள்ல இருக்க. வரைபடத்துல இருக்க. ஏறும்மா, பின்னாடி வண்டி நிக்குது!"

எண்ணூறு பொட்டும் படியேறின சத்தத்தில் பஸ் ஆடியது.

ஐந்து மணிக்குக் குழுத்தலைவர் சென்னியப்பன் பெனிட்டாவின் திரையருகே வந்து நின்றார். "என்னங்க இது, எண்பதுன்னு ஒரு புது லேயர்? ஆலை கொடுத்த லிஸ்ட்லயே இல்லீங்களே."

"துளையக் காணோம்னு நான்தான் போட்டேன் சார்" என்றாள் பெனிட்டா. "அப்ப அனுப்புன ஃபைல்ல துளையே இருக்காதா? தப்பு என்னுதுதான் சார்."

"பதறாதீங்க. அனுப்புனதையே தெறந்து பாத்துருவோம்."

அனுப்பிய கோப்பை அவர் தன் கணினியில் திறந்தார். நீலம் அண்ணன் ஆரஞ்சாக இருந்தார். ஊதா அக்கா சாம்பல். இருவரும் தொட வேண்டிய இடங்களில் ஐம்பத்தொன்று கிளிப்பச்சையாக நின்றது. எண்ணூறும் இருந்தன.

பெனிட்டா நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள், அடக்க முடியவில்லை. சென்னியப்பனுக்கும் தொற்றிக்கொண்டது. "காணோம்னா மொதல்ல கண்ணப் பாருங்க, சாமி!"

"அக்கா, நான் பச்சையா?" என்று கத்தினாள் பொட்டு. "நெஜமாவே பச்சையா?"

பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன். ஆலைக்குப் போகும் அந்தக் கோப்பில் நிறத்துக்கு இடமே இல்லை; திறக்கிற கணினிதான் தன் நிறத்தைப் பூசிக்கொள்கிறது. கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதும் அதில் எழுதப்படுவதில்லை. உருவமும் எண்ணும் போகின்றன, அவ்வளவுதான்.