கோட்டைத் தலைவனும் தூக்கணாங்குருவியும்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். குழந்தைகள் முன்னால் வரட்டும். பெரியவர்கள் எழுந்து போக வேண்டாம். சொல்லப்போனால் இந்தக் கதை அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது.

பாதி மலைகளுக்கு யாரும் பெயரே வைக்காத காலம் அது. இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஒரு கணவாய் இருந்தது. கணவாயின் அடியில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை இன்னொரு நாடு. இந்தக் கரை மலையின் உச்சியில் ஒரு கோட்டை. அந்தக் கோட்டைக்குத் தலைவன் அந்துவன்.

அந்துவன் லேசுப்பட்டவன் அல்ல. மூன்று போர்களில் முன்வரிசையில் நின்றவன். அந்த வீரத்துக்காகவே மன்னர் அவனை எல்லைக் கோட்டைக்குத் தலைவன் ஆக்கினார். அவன் வந்து சேர்ந்த அதே ஆண்டில் இரண்டு நாடுகளும் சமாதானம் செய்துகொண்டன.

பத்து ஆண்டுகள் ஓடின. ஒரு வாள்கூட உறையை விட்டு வரவில்லை. ஊர் ஊராக மக்கள் மகிழ்ந்தார்கள். அந்துவன் ஒருவன்தான் கொட்டாவி விட்டான்.

காலையில் மதிலைச் சுற்றி வருவான். பிறகு சோறு உண்பான். பிறகு? பிறகு ஒன்றும் இல்லை. சூரியன் உச்சிக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது போல இருக்கும்.

பொழுதைப் போக்க அவன் முயலாமல் இல்லை. முதலில் சொக்கட்டான் ஆடினான். எதிரே உட்கார்ந்த வீரர்கள், தலைவரைத் தோற்கடித்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, வேண்டுமென்றே தோற்றார்கள். அடுத்து யாழ் பழகினான். கற்றுக்கொடுக்க வந்த பாணர், அவன் நரம்பைத் தொட்ட முதல் நாளே "ஆகா!" என்று கையைத் தட்டினார். மதில் நிழலில் படுத்திருந்த நாய்கள் மட்டும் எழுந்து வேறு பக்கம் போயின. மூன்றாவதாக வேட்டைக்குப் போனான். தலைவர் குறி தவறக் கூடாது என்று முயலின் காலை முன்கூட்டியே கட்டிவைத்திருந்தார்கள்.

எல்லாவற்றிலும் அவனே வென்றான். அதனால் எல்லாமே அவனுக்குச் சலித்துப்போனது.

சலிப்பு முற்றினால் எரிச்சல் வரும். எரிச்சல் வந்தவன் கையில் அதிகாரமும் இருந்தால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். அந்துவன் உச்சி வெயிலில் வீரர்களை அணிவகுக்கச் சொன்னான். எட்டு முரசுகளை ஒன்றாக முழக்கச் சொன்னான். வராத எதிரியை நோக்கி ஓடச் சொன்னான், திரும்பி வரச் சொன்னான், மறுபடி ஓடச் சொன்னான்.

அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த கொற்றன் ஒருநாள் பணிவாகக் கேட்டான். "தலைவரே, யாருக்காக இந்தப் பயிற்சி?"

"போருக்காக."

"போர்தான் இல்லையே?"

"வரும்" என்றான் அந்துவன். அதை அவன் சொன்ன விதம், விருந்தாளி வருவார் என்று சொல்வதைப் போல இருந்தது.

அந்த வாரமே அக்கரை மாடுகள் முப்பது, ஓடையைத் தாண்டி இக்கரைக்கு ஓடி வந்தன. வரகுக் கொல்லை ஒன்றை மிதித்துப் போட்டன. செய்தி கேட்டதும் அந்துவனின் முதுகு நிமிர்ந்தது. உடனே மன்னருக்கு ஓலை எழுதினான்.

'எல்லை மீறப்பட்டது. மாடுகளை ஏவிவிட்டு நம்மைச் சோதிக்கிறார்கள். அக்கரையில் ஆட்கள் திரள்கிறார்கள். படை அனுப்புக.'

ஆட்கள் திரள்வதை அவன் பார்க்கவில்லை. ஆனால் எழுதும்போது பார்த்தது போலவே இருந்தது. குதிரையில் ஓலை போனது. ஓலை தலைநகருக்குப் போகப் பத்து நாள், படை நடந்து வர முப்பது நாள்.

படை வரும்போது காட்டுவதற்குச் சான்று வேண்டுமே? அடுத்த நாள் விடியற்காலையில் அந்துவன் தனியாக ஓடைக்கு இறங்கினான். மாடுகளை ஏவுபவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஈச்சமரத்தின் பின்னால் ஒரு பாறையில் மறைந்து உட்கார்ந்தான்.

மாடு வரவில்லை. ஆளும் வரவில்லை. தலைக்கு மேலே ஏதோ கிச்சுக்கிச்சென்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான்.

ஈச்ச ஓலையின் நுனியில், தண்ணீருக்கு மேலே, மஞ்சள் தலை கொண்ட ஒரு தூக்கணாங்குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாயில் நீளமான ஒரு புல் இழை. இழையை ஓலையில் சுற்றியது. நுனியை உள்ளே நுழைத்தது. மறுபக்கம் பறந்து வந்து, அதே நுனியைப் பிடித்து இழுத்தது. பிறகு இன்னொரு இழைக்குப் பறந்தது. ஒருமுறை இழை நழுவித் தண்ணீரில் விழுந்தது. குருவி அதைப் பார்த்துவிட்டு அடுத்த இழையைக் கொண்டுவரப் போனது.

'முடிச்சு போடுகிறதா என்ன? கை இல்லாமல் எப்படி?' என்று அந்துவன் கழுத்தை நீட்டினான்.

அவன் மறுபடி சூரியனைப் பார்த்தபோது அது மேற்கே சாய்ந்திருந்தது. பத்து ஆண்டுகளாக நகராமல் நின்ற உச்சிப்பொழுது அன்று அவனுக்குத் தெரியாமலே கடந்து போயிருந்தது.

மறுநாள் சான்று தேடித்தான் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் மறந்துவிட்டான்.

கூடு பாதி வளர்ந்து, கவிழ்த்த தொப்பி போல ஆனது. ஒருநாள் பெண்குருவி வந்தது. உள்ளே நுழைந்து அங்கே கொத்தியது, இங்கே இழுத்தது, போய்விட்டது. ஆண்குருவி அந்தக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து ஓலையில் புதிதாகத் தொடங்கியது.

அந்துவனுக்கு மனம் பொறுக்கவில்லை. அவ்வளவு உழைப்பும் வீணா? அந்தக் கூட்டில் என்ன குறை? எதைப் பார்த்து வேண்டாம் என்றது? அன்று மாலை முழுதும் அதையே யோசித்தான். நாளைக்குப் போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே அவனுக்குப் புதிதாக இருந்தது. தானும் புல்லைக் கிழித்து முடைந்து பார்த்தான். வாள் பிடித்துக் காய்த்த விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அவிழ்ந்தது; மறுபடி முடைந்தான். இங்கே அவனுக்காகத் தோற்றுப்போக யாரும் இல்லை. அவன் யார் என்று குருவிக்கும் தெரியாது, புல்லுக்கும் தெரியாது. அதுவே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

கோட்டையில் உச்சிவெயில் பயிற்சி நின்றது. முரசுகள் ஓய்ந்தன. வீரர்கள் காரணம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி தொடங்கிவிடுமோ என்ற பயம்.

பத்தாம் நாள் அக்கரைக்கு ஒரு பெண் மாடுகளோடு வந்தாள். அவள் பெயர் நாகச்சி. பாறையில் உட்கார்ந்திருந்தவனை வெகுநேரம் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"ஐயா, அங்கே அப்படி என்ன பார்க்கிறீர்கள்?"

"குருவி கூடு கட்டுகிறது."

"அதையா காலையிலிருந்து பார்க்கிறீர்கள்?" என்று சிரித்தாள். பிறகு, "உங்கள் கோட்டைக்காரர்கள் முரசை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று ஐயா. அந்தச் சத்தத்தில் அன்றைக்கு என் மாடுகள் மிரண்டு ஓடையைத் தாண்டிவிட்டன. யாருடைய கொல்லையையோ மிதித்துவிட்டனவாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தலைவரைத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள்" என்றாள்.

அந்துவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாடுகளை ஏவியது அக்கரை அல்ல, அவனுடைய முரசு. முரசை முழக்கியது அவனுடைய சலிப்பு.

அன்றே மன்னருக்கு இன்னொரு ஓலை எழுத உட்கார்ந்தான். 'நான் எழுதியது தவறு' என்று தொடங்க வேண்டும். மூன்று போர்களில் எடுத்த பேர் என்னாவது? எழுத்தாணியைக் கீழே வைத்தான். மறுநாள் எடுத்தான், வைத்தான். அதற்கு மறுநாளும் எடுத்தான், வைத்தான். 'மன்னருக்கு ஆயிரம் வேலை. என் ஓலையை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்?' என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டு குருவியிடம் போனான்.

இரண்டாவது கூட்டையும் பெண்குருவி தள்ளிவிட்டது. மூன்றாவதை ஏற்றுக்கொண்டது. ஆண்குருவி அதற்கு நீண்ட வாசல்குழல் பின்னி முடித்த நாளில் கிழக்கே புழுதி எழுந்தது.

மூவாயிரம் வீரர்கள். நடுவில் யானைமேல் மன்னர்.

அக்கரையிலும் புழுதியைப் பார்த்துவிட்டார்கள். மாடு மேய்ப்பவர்கள் ஈட்டியைத் தேடி எடுத்தார்கள். நாகச்சி கரைக்கு ஓடி வந்தாள். பாறையில் உட்கார்ந்திருந்தவன்தான் கோட்டைத் தலைவன் என்பது இதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கத்தவில்லை, அழவும் இல்லை.

"ஐயா, என் அண்ணன்மார் இருவரும் ஈட்டி எடுத்துவிட்டார்கள். மாடு மிரண்டதற்கா இத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்துவன் நேரே மன்னரிடம் நடந்தான். வாளை இடுப்பிலிருந்து கழற்றி அவருடைய யானையின் முன்னால் தரையில் வைத்தான்.

மன்னர் கேட்டார்: "ஆட்கள் திரள்கிறார்கள் என்று எழுதினாய். எத்தனை பேர்?"

"ஒருவரும் இல்லை, அரசே."

"மாடுகளை ஏவினார்கள் என்று எழுதினாய். ஏவியது யார்?"

"நான்தான், அரசே. நான் முழக்கிய முரசு."

"பின் எதற்காக எழுதினாய்?"

அந்துவன் தரையில் கிடந்த தன் வாளைப் பார்த்தான்.

"எனக்குப் பொழுது போகவில்லை, அரசே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மன்னர் சிரிக்கவில்லை.

"உன் பொழுது போவதற்கு இந்த மூவாயிரம் பேரில் எத்தனை பேரைக் கொடுக்கலாம் என்று நினைத்தாய்?"

அந்துவன் தலை நிமிரவில்லை. யானை காதை அசைத்தது.

"இதை மறைத்திருக்கலாம். அக்கரையின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். இப்போது மட்டும் உண்மை சொல்ல எப்படித் துணிந்தாய்?" என்று மன்னர் கேட்டார்.

"இந்த நாற்பது நாளாக எனக்குப் பொழுது போதவில்லை, அரசே. ஒரு குருவி கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர் வேண்டும் என்ற எண்ணம் எந்த நாளில் என்னை விட்டுப் போனது என்றுகூடத் தெரியவில்லை. போன பிறகும் வெட்கத்தால் வாய் திறக்காமல் இருந்தேன். அது இன்னொரு குற்றம்."

மன்னர் தீர்ப்புச் சொன்னார். "அம்பு பறப்பதற்கு முன்னால் உண்மை சொன்னாய், உயிர் உன்னுடையது. தலைமை உன்னுடையது அல்ல. இனி நீ ஓடைக் காவலன். முதல் வேலையாக அக்கரைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா."

படை பார்த்துக்கொண்டிருக்க, அந்துவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தான். நாகச்சியின் முன்னால் கைகூப்பினான். அவள் அண்ணன்மார் ஈட்டியைத் தரையில் ஊன்றி நின்றார்கள். நாகச்சி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். பிறகு, "உங்கள் குருவி கூட்டை முடித்துவிட்டதா?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் அண்ணன்மாரில் மூத்தவன் ஈட்டியைக் கீழே போட்டான்.

மூவாயிரம் பேரும் முழுசாக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

கொற்றன் புதுத் தலைவன் ஆனான். ஆறு மாதம் போனது. ஒரு மதியம் அவன் ஓடைக்கு இறங்கி வந்து பாறையில் சரிந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, மேலே எனக்குப் பொழுதே நகரவில்லை. நீங்கள் பார்ப்பதை நானும் பார்க்கிறேன்" என்றான்.

அந்துவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அரை நாழிகை ஆவதற்குள் கொற்றன் கொட்டாவி விட்டான். "எனக்கு இதில் ஒன்றும் தெரியவில்லையே!"

"தெரியாது, தம்பி. இது எனக்கு வாய்த்தது. உன்னுடையது வேறு எங்கோ இருக்கும். நீதான் தேட வேண்டும். முரசை மட்டும் தொடாதே" என்றான் அந்துவன்.

கொற்றன் சலித்துக்கொண்டே மலையேறினான். அடுக்களைக்குப் பின்னால், எறிந்த விதையிலிருந்து சுரைக்கொடி ஒன்று முளைத்திருந்தது. மதில் ஓரத்தில் செடி இருக்கக் கூடாது என்று பிடுங்கக் குனிந்தான். கொடியின் சுருள்நுனி அவன் விரலைப் பற்றிக்கொண்டது. கொற்றன் கொஞ்சம் யோசித்தான். போய் ஒரு குச்சி எடுத்து வந்து நட்டான்.

அடுத்த மழைக்காலத்தில், எந்தப் படையும் ஏற முடியாத அந்த மதில்மேல் சுரைக்கொடி ஏறிப் பூத்துக் காய்த்துத் தொங்கியது. காய்களில் பாதி அக்கரைக்குப் போனது.

ஆகவே கேளுங்கள்: சும்மா இருக்கும் நேரத்துக்கு மனம் தோயும் ஒரு வேலையைத் தானே தேடிக்கொள்ளாதவன், தன் சலிப்பைப் பிறர் தலையில்தான் கொண்டுபோய் இறக்குவான்.