நத்தானுக்கு ஒரு மணைப்பலகை

ஒரு ஊர்ல ஒரு உலகம்மை இருந்தாளாம். ஊரு கடலோரத்துக் கொச்சி. அவ பிறந்தது தென்காசிப் பக்கம்; கல்யாணமாகி வந்து, யூதத் தெருவுல அப்பளம் இட்டு வித்துக்கிட்டிருந்தா. விடிஞ்சதும் குளிச்சுத் திருநீறு பூசி, பலாமரத்து மணைப்பலகையைப் போட்டு உக்காந்து, பத்துப் பதிகம் படிச்சிட்டுத்தான் மாவுல கை வைப்பா. என்ன, "ம்" சத்தத்தைக் காணோம்? ஆங்.

அடுத்த வீட்டுல ராகேல்னு ஒரு யூதப் பொம்பளை. அவளோட சின்ன மகன் நத்தான். உலகம்மைக்குப் பிள்ளை கிடையாது. நத்தான் தவழ்ந்ததே அவ முற்றத்துல, காயிற அப்பளத்துக்கு நடுவுலதான். "பெரியம்மா"ன்னுதான் அவளைக் கூப்பிடுவான்.

அப்புறம் நத்தானுக்குப் பதிமூணு வயசு நிறைஞ்சுது. அவங்க வழக்கத்துல அது பெரிய நாள், பார் மிட்ஸ்வான்னு பேரு. ஜெபஆலயத்துல எல்லார் முன்னாலயும் பிள்ளை வேதச் சுருளை வாசிக்கணும். அன்னையில இருந்து அவன் செய்யறதுக்கெல்லாம் அவனே பொறுப்பு. அதுக்கு உலகம்மை பரிசு குடுக்கணும் இல்லையா?

அங்கதான் அவளுக்கு ஒரு பயம். நாலு வருஷம் முன்னால நத்தானோட அண்ணனுக்கு இதே நாள் வந்தப்போ, சனிக்கிழமை காலையில பட்டுச்சட்டையும் பழமுமா தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னா. சனிக்கிழமை அவங்களுக்கு ஓய்வுநாள். சாமான் தூக்க மாட்டாங்க, பரிசு வாங்க மாட்டாங்க. ராகேல் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னா. சாயங்காலம் நட்சத்திரம் தெரியிற வரைக்கும் தாம்பாளம் வாசப்படியிலேயே கிடந்துச்சு, தெருவே பார்க்க. இவன் நாள்லயும் அப்படி ஒரு தப்பு நடந்துடக் கூடாதேன்னு அவளுக்கு.

முதல்ல போய் வெள்ளியில ஒரு காமாட்சி விளக்கு வாங்கிட்டு வந்தா. பளபளன்னு இருந்துச்சு. அவ புருஷன் சங்கரலிங்கம் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, அந்த வீட்டுல எங்கயாவது சாமி உருவம் பார்த்திருக்கியா?"

"இல்லையே."

"இதுல நடுவுல உக்காந்திருக்கிறது யாரு, உங்க அத்தையா?"

விளக்கு அவங்க வீட்டுப் பூஜை மாடத்துக்கே போயிடுச்சு.

ரெண்டாவதா, நெய்யைத் தாராளமா ஊத்தி மைசூர்பாகு கிளறினா. சொரசொரசொரன்னு பொங்கி வந்துச்சு, தெருவே மணத்துச்சு. மணம் பிடிச்சு ராகேல் மதில் மேல எட்டிப் பார்த்தா.

"அக்கா, விருந்துக்கா? அன்னைக்குக் கறிச் சோறாச்சே. கறியோட பால், நெய் எதையும் நாங்க சேர்க்க மாட்டோம்."

"சும்மா, இவருக்குத்தான் கிளறினேன்"னு சொல்லிட்டா உலகம்மை. சங்கரலிங்கம் நாலு நாளா அதையே தின்னார். ம்? தூங்கிடலையே?

அப்புறம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆயிடுச்சு. பொழுது சாஞ்சா ஓய்வுநாள் ஆரம்பம். வேற வழியில்லாம நத்தானையே கேட்டுட்டா.

"உனக்கு என்னடா வேணும்?"

அவன் அப்பளத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "நாளைக்கு நல்ல மழை பெய்யணும் பெரியம்மா. யாரும் வரக் கூடாது."

"ஏன்டா?"

"வாசிக்கிற மேசை என் நெஞ்சுக்கு மேல நிக்குது. சுருளைக் கையால தொடக் கூடாது, வெள்ளிக் குச்சியாலதான் எழுத்தைத் தொட்டுக் காட்டணும். குதிங்காலைத் தூக்கினா குச்சி ஆடுது. இறக்கினா மேல்வரி தெரியல. போன வாரம் பழகிப் பார்த்தப்போ ரெண்டு தடவை வரி தப்பிப் போச்சு. பயலுக சிரிச்சாங்க."

"நாற்காலி போட்டு ஏறேன்."

"அண்ணனும் அதைத்தான் சொல்றான். குரங்கு மாதிரி நான் ஏறணுமாம், அவன் பார்க்கணுமாம்."

அவன் போனதும் உலகம்மை வாசல்ல வெயிலைப் பார்த்தா, உள்ள சுவரோரமா சாத்தியிருந்த மணைப்பலகையைப் பார்த்தா. அரைச்சாண் உசரம், அசையாத காலு. புளி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சா, சர்க் சர்க் சர்க்னு.

சங்கரலிங்கத்துக்கு மனசு கேக்கல. "பழைய பலகையையா பரிசுன்னு குடுப்பே? அதுவும் நீ பதிகம் படிக்க உக்கார்ற பலகை. அதுல போய்க் கால் வைக்கவா?"

உலகம்மை கை நிக்கல. "விளையாடவா ஏறப் போறான்? படிக்கத்தானே ஏறப் போறான்"னா. அவரே போய்த் தேய்க்கிறதுக்குத் தேங்காய் நாரை எடுத்துக் கொடுத்தார்.

வெயில் மஞ்சளா ஆயிடுச்சு. பலகையோட அடுத்த வீட்டுக்குக் குடுகுடுன்னு ஓடினா. ராகேல் ஓய்வுநாள் விளக்கேத்தத் தீக்குச்சியைக் கையில எடுத்துட்டா.

"அக்கா, இது உங்க சாமிப் பலகை இல்லையா?"

"சாமி புத்தகத்துல இருக்காரு. இதுல உக்கார்றது நான்தான். ஜெபஆலயத்து மேசைக்கு முன்னால இப்பவே வச்சிடச் சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட. பிள்ளைக்குச் சொல்லாதே."

ராகேலோட புருஷன் அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடினார். அவர் திரும்பி வரவும் பொழுது சாயவும் சரியா இருந்துச்சு.

மறுநாள் மழை பெய்யல; சுள்ளுன்னு வெயில். ஜெபஆலயம் நிறைஞ்சிருந்துச்சு. உலகம்மை வெறுங்கையோட மாடியில பொம்பளைங்க பக்கம் உக்காந்தா. அப்போ நத்தான் மேசைகிட்ட போனான். கீழே குனிஞ்சு பார்த்தான். பெரியம்மாவோட பலகை! அப்புறம் உள்ளங்காலைத் துடைச்சிட்டு, டொக்... டொக். ஏறிட்டான். இப்போ மாடியில இருந்து பார்த்தா முகம் முழுசாத் தெரிஞ்சுது. குச்சி ஆடல. அவன் படிச்ச பாஷை உலகம்மைக்குத் தெரியாது. ஆனா ஒரு வரியும் தப்பலைங்கிறது குரல்லயே தெரிஞ்சுது.

சாயங்காலம் மூணு நட்சத்திரம் தெரிஞ்சுது, ஓய்வுநாள் முடிஞ்சுது. கைக்கடிகாரம், பேனா, சட்டைன்னு பரிசு வந்துகிட்டே இருந்துச்சு. அதையெல்லாம் விட்டுட்டு நத்தான் பலகையைத் தலையில வச்சுக்கிட்டு மதிலோரமா வந்தான்.

"பெரியம்மா, காலையில நீங்க படிக்கணுமே. இந்தாங்க."

"தரையில உக்காந்தாலும் என் புத்தகம் எனக்கு எட்டும்டா. உனக்கு மேசை எட்ட இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும். வச்சுக்கோ."

மறுநாள் விடிஞ்சதும் உலகம்மை குளிச்சுத் திருநீறு பூசி, வெறும் தரையில உக்காந்தா. தரை சில்லுன்னு இருந்துச்சு. பத்துக்குப் பதினோரு பதிகமாப் படிச்சா.

அப்பளமும் காய்ஞ்சுது, கதையும் ஆச்சு. நீ கண்ணை மூடு.