மாமன் வீட்டு வாழையும் மச்சான் வெட்டிய பலாவும்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைக் குணசிங்கராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு கட்டளை போடுவார், சாயங்காலம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவார். நாடே அவருக்கு நடுங்கும். அவரோ தம் சொந்தக்காரர்களைக் கண்டால் நடுங்குவார்!

ராணி பிறந்த வீடு மாந்தோப்புச் சீமை. ராஜாவின் தங்கையைக் கொடுத்த இடத்தில் எங்கும் பலாமரம். தாய்மாமன் ஊரிலோ திரும்பிய பக்கமெல்லாம் வாழை. போன விருந்தில் மாம்பழ இனிப்பை முதலில் பரிமாறிவிட்டார்கள். "எங்கள் பலா அவ்வளவு இளப்பமா?" என்று தங்கையின் மாமியார் பச்சைநாயகி பந்தியிலிருந்து எழுந்துவிட்டாள். தாய்மாமன் அம்மையப்பர் சாப்பிடாமலே இலையை மடித்துவிட்டார்.

இப்போது இளவரசிக்குக் காதுகுத்து. மூன்று வீட்டாரும் வண்டி வண்டியாகப் பழத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள்!

மடைப்பள்ளி அதிகாரி விருத்தகிரிக்கு மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண். சபையில் எழுந்து கும்பிட்டான். "மகாராஜா, எந்தப் பழத்தை முதலில் பரிமாறுவதென்று நம் மந்திரி ஆவுடையப்பரே சொல்லட்டும். பெரிய புத்திசாலி ஆயிற்றே!"

ராஜா துள்ளிக் குதித்தார். "சபாஷ்! ஓய் ஆவுடையப்பரே, நாளைப் பந்தியில் ஒருத்தர் முகம் சுளித்தாலும் உம்முடைய ஆசனம் விருத்தகிரிக்கு!"

ஆவுடையப்பர் சிரித்துக்கொண்டே, "அப்படியே ஆகட்டும். நாளைக்குச் சமையல்காரர்களுக்கு மட்டும் விடுமுறை கொடுத்துவிடுங்கள்" என்றார்.

"எங்களைப் பட்டினி போடப் போகிறீரா?"

"இல்லை மகாராஜா. இனிப்பைச் சொந்தக்காரர்களே செய்யட்டும். பழத்தை உரிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்ததே!"

மறுநாள் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். மந்திரி உரக்கச் சொன்னார்: "மாம்பழ வீட்டார் பலாவில் பாயசம் வைக்க வேண்டும். பலா வீட்டார் வாழைப்பழத்தைத் தேனும் நெய்யும் விட்டுப் பிசைய வேண்டும். வாழை வீட்டார் மாம்பழத்தைக் கட்டித் தயிரில் கலக்க வேண்டும்."

"எங்கள் பலாவை இவர்கள் தொடுவதா?" பச்சைநாயகி பாய்ந்தாள்.

"அம்மா, அதைச் சாதாரணமாக நினைத்தவர்கள் ஒருநாள் வெட்டித்தான் பார்க்கட்டுமே!"

பச்சைநாயகி பக்கென்று சிரித்துவிட்டாள். "வெட்டட்டும், வெட்டட்டும்!"

ராணியின் அண்ணன் மழவராயன் கத்தியை எடுத்தான். பலாவை வெட்டக் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அதன் பால் பசையாக ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் குடத்தைத் தேடினால் காணோம்!

"எண்ணெய் எதற்கு? வெட்டத் தெரிந்தவன் வெறுங்கையாலேயே வெட்டுவான்" என்றான் விருத்தகிரி, மழவராயனைப் பார்த்து நக்கலாக.

மழவராயனின் முகம் சிவந்தது. சட்டென்று மந்திரி குறுக்கே வந்தார். "அப்படியா! மகாராஜா, அதிகாரியாரே செய்து காட்டினால் எங்களுக்கும் தெரியுமே."

"காட்டும், காட்டும்!" என்று ராஜா கைதட்டினார்.

தப்ப வழியில்லை. விருத்தகிரி பழத்தைப் பிளந்தான். விரலோடு விரல் ஒட்டியது. கத்தி உள்ளங்கையில் ஒட்டியது. கையைத் துடைக்கப்போய்ச் சால்வை ஒட்டியது. மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயை விரட்டப்போய் மீசையும் ஒட்டிக்கொண்டது!

"எண்ணெய்! எண்ணெய் கொண்டுவாருங்கள்!"

"எண்ணெய்தான் இல்லையே ஐயா" என்றார் மந்திரி.

"நெற்குதிருக்குப் பின்னால் இருக்கிறது!" என்று அலறினான் விருத்தகிரி.

ராஜா மெதுவாகக் கேட்டார். "அது உமக்கு எப்படித் தெரியும்?"

விருத்தகிரி ஒட்டிய சால்வையாலேயே முகத்தை மூடிக்கொண்டான்.

எண்ணெய் வந்தது. அதன்பிறகு ஒரே அமர்க்களம்! மழவராயன் சுளையைச் சிதைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் பச்சைநாயகியே ஓடிவந்து சொல்லிக்கொடுத்தாள். தேங்காய்ப்பால் பொங்கியது, வெல்லம் மணந்தது. அம்மையப்பர் முழங்கை வரை மாஞ்சாறு வழிய நின்றார்.

இலை போட்டதும் சண்டை வெடித்தது. "முதலில் பலாப் பாயசம்! என் கையால் கிண்டியது!" என்று கத்தினான் மாம்பழ வீட்டு மழவராயன். "வாழைதான் முதலில்!" என்றாள் பச்சைநாயகி. "மாம்பழத்தைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்!" என்றார் வாழைத்தோட்டத்து அம்மையப்பர்.

ராஜா திகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடடா! அவரவர் பழத்துக்கு அடுத்தவர் அல்லவா சண்டை போடுகிறார்!"

யார் இலையில் எது முதலில் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் இலையில் ஒருவர் கரண்டி கரண்டியாக ஊற்றினார்கள். ஒரு முகமும் சுளிக்கவில்லை.

"விருத்தகிரி, மந்திரி ஆசனம் பிறகு ஆகட்டும். இன்று அந்த மூன்று அண்டாவையும் கழுவும்" என்றார் ராஜா. "ஆவுடையப்பரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"மகாராஜா, நான் இன்னும் சாப்பிடவே இல்லை."

அண்டாக்களோ வழித்து நக்கியதுபோல் காலி! ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். மிஞ்சிய ஒரு வாழைப்பழத்தை உரித்து, வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தி பிடித்து, கோணல்மாணலாக நறுக்கித் தேன் விட்டு நீட்டினார்.

மந்திரி நிதானமாக மென்றார். ராஜாவால் பொறுக்க முடியவில்லை. "எப்படி இருக்கிறது? சொல்லுமய்யா!"

"இன்னொரு பழம் கிடைக்குமா, மகாராஜா?"

கிரீடத்தைக் கழற்றி ராணியின் கையில் திணித்துவிட்டு, வாழைத்தார் தேடி ஓட்டமாய் ஓடினார் ராஜா.