கேட்ட கேள்விக்கு மட்டும்

வக்கீல் கோமதிநாயகம் இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டாம் முறையும் கோட்டை விட்டுவிட்டு வந்து நின்றபோது, ஆசிரியை நஸீமா தேங்காய் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு வளையல் கடைக்கு மேலே இருந்தது அந்தப் பயிற்சி நிலையம். ஆசிரியைக்கு முப்பது வயது ஆகவில்லை. சீடர் அவரைவிட இருபது வயது மூத்தவர், கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் தொங்கப்போட்டுக்கொண்டு நேரே கோர்ட்டிலிருந்து வருகிறவர்.

"எதுல போச்சு சார்?"

"அந்தச் சின்னக் கேள்வியிலதான் மேடம்."

காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு குரல் சின்னதாக ஒரு கேள்வி கேட்கும். ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தால் மைக் மூடிக்கொண்டு அடுத்த கேள்வி வந்துவிடும். படிப்பது, எழுதுவது என்று மற்ற எல்லாவற்றிலும் கோமதிநாயகம் நல்ல மார்க்தான். அவர் எழுதிய மனுவைப் படிக்க ஒரு நீதிபதியே அகராதியைத் தேடினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவர்தான்.

அவர் மனைவி வடிவு நர்ஸ். மகள் தாரணியைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. இந்த மார்க் கிடைத்தால்தான் இவரும் போய்ச் சேர முடியும். மூன்றாம் முறையும் தவறினால் விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் பெண் பாவாடை சட்டை வயதைத் தாண்டி எங்கேயோ வளர்ந்து போயிருப்பாள்.

"உத்தியெல்லாம் எனக்குத் தலைகீழாத் தெரியும் மேடம். 'யாரு'ன்னு வந்தா ஆளு, 'எங்க'ன்னு வந்தா இடம். கடைசிச் சொல்லு காதுல விழுற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. தெரியலன்னாலும் எதையாவது சொல்லிரணும். சொன்னதத் திருத்தக் கூடாது. இதுக்கு மேல ஏதாவது உத்தி இருந்தா சொல்லுங்க."

நஸீமா கையைத் துடைத்துக்கொண்டார்.

"மணி என்ன சார்?"

"ஏன், அடுத்த வகுப்புக்கு ஆள் வாராங்களா?"

"டீ குடிச்சீங்களா?"

"ஐயோ, நீங்க சிரமப்படாதீங்க."

"பஸ்ஸிலயா வந்தீங்க, பைக்கிலயா?"

"எப்பவும் போலதான்."

"நான் மூணு கேள்வி கேட்டேன். ஒண்ணுக்கும் பதில் வரல."

"எல்லாத்துக்கும் சொன்னேனே!"

"மணி என்ன சார்?"

கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சரை."

"இது பதில்."

"அப்ப முதல்ல சொன்னது?"

"அது நான் எதுக்குக் கேட்டேன்னு நீங்களா நினைச்சுக்கிட்டதுக்குச் சொன்னது."

வக்கீலுக்குச் சுருக்கென்றது. 'கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்' என்று கூண்டில் நின்ற எத்தனை பேரை அவர் அதட்டியிருக்கிறார்! ஒரு கிழவர் அந்த அதட்டலில் தன் சொந்தப் பெயரையே மறந்துபோயிருக்கிறார்.

ஆனால் அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? வாசலில் இறங்குகிறவனிடம் 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று, 'தூரமா?' என்று கேட்கிற ஊர் நம்முடையது. அவனும் 'இந்தா, இங்கனதான்' என்பான். கேட்டவனுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, சொன்னவனும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

"பரீட்சை வர்ற வரைக்கும், யார் என்ன கேட்டாலும் கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க," என்றார் நஸீமா.

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

மறுநாளே கோமதிநாயகம் வேலையைக் காட்டத் தொடங்கினார். "நம்ம கேஸ் எப்ப சார் முடியும்?" என்று வரப்புத் தகராறில் வந்த கட்சிக்காரர் கேட்டார். "தெரியாது," என்றார் இவர். அந்த மனிதர் சாயங்காலத்துக்குள் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு வக்கீலிடம் போய்விட்டார். "நான் வச்ச சாம்பார் எப்படி இருக்கு?" என்று கேட்ட, வீட்டோடு இருந்து சமைத்துப்போடும் அக்காவிடம் "உப்பு" என்றார். அக்கா இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் வரவில்லை.

ஆனாலும் பழக்கம் பிடிபட்டுவிட்டது. ஒரே சொல்லில் பதில் சொல்வதில் ஒரு சுகம்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் வீடியோவில் வந்தாள்.

"அப்பா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"சொதி."

"எனக்கும் வேணும்." அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள். "நீ இங்க வந்து என்ன வேலப்பா பாப்ப?"

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். சுவரில் அவருடைய கறுப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மகளுக்கும் நடுவே எதைப் பார்த்துப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஹலோ? ஹலோ? சிக்னல் கிடைக்கலம்மா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். வைத்த பிறகு வெகு நேரம் அவமானமாக இருந்தது.

பரீட்சைக்கு முதல்நாள் நஸீமா அவரை உட்காரவைத்து, ஹெட்போனைக் கொடுத்து, மாதிரிக் கேள்விகளை ஓடவிட்டார். தானும் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கண்ணாடி போல் தெளிவான இங்கிலீஷில் ஒரு பெண்குரல் கேட்டது. காய்ச்சலை எதை வைத்து அளக்கிறோம்?

"தெர்மாமீட்டர்."

ரொட்டி சுடுகிறவரை என்னவென்று சொல்கிறோம்?

"பேக்கர்."

குடையை எப்போது பிடிப்போம், மழையிலா, பனிமூட்டத்திலா?

"ரெயின்."

நஸீமா தலையாட்டினார். கோமதிநாயகத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. முதுகை நிமிர்த்திக்கொண்டார். கேள்வி விழவிழப் பதில் விழுந்தது.

நீதிமன்றத்தில் பிறருக்காக வாதாடுகிறவரை என்னவென்று சொல்கிறோம்?

கோமதிநாயகம் பேசவில்லை.

மைக் மூடிக்கொண்டது. குரல் அடுத்ததைக் கேட்டது. அதற்கும் அவர் பேசவில்லை. அதற்கும் மூடிக்கொண்டது. நஸீமா பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

"தெரியலையா சார்?"

"தெரியும்." ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "லாயர். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிரும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே வளையல் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க தெருவுல எனக்குப் பேரே அதுதான் மேடம். பால்காரன்ல இருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் 'வக்கீலய்யா'தான். வடிவுகூட, கோவம் வந்தா அப்படித்தான் கூப்பிடுவா. ப்ளேன்ல ஏறிட்டேன்னா நான் அது கெடையாது. அந்த ஊரு கோர்ட்டு வாசல்ல என்னை எவன் உள்ள விடுவான்? அவ வேலைக்குப் போவா, நான் வீட்ல பாத்திரம் கழுவிக்கிட்டுக் கெடப்பேன்."

நஸீமா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பாப்பா கேட்டுட்டா. இங்க வந்து என்ன வேல பாப்பன்னு. சிக்னல் இல்லன்னு பொய் சொல்லிப் போனை வச்சிட்டேன். பெத்த பிள்ளைகிட்ட." ஹெட்போன் வயரை விரலில் சுற்றினார். "இப்ப அந்தப் பொம்பள கேட்டதும், என்னையவே நிக்கவச்சுக் கேக்க மாதிரி ஆயிட்டு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் காதுல விழல."

"அடுத்த கேள்வி?"

"விழல மேடம். என்ன கேட்டுச்சு?"

நஸீமா தன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரு பிள்ளைக்கு அம்மா உண்டு, இன்னொருத்தர் யாருன்னு கேட்டுச்சு சார். அதுக்கும் நீங்க வாயத் திறக்கல."