எழுபத்தைந்து தாளில் ஒரு மாப்பிள்ளை

கொட்டாங்குளத்தில் கல்யாணமாகாத ஆண்கள் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். இருபத்தைந்து பேரையும் சேர்த்துப் பிழிந்தால் ஒரு ஆளுக்கு உண்டான மூளை வரும் என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வது வழக்கம். அந்த இருபத்தைந்து பேரும் கூடி ‘மணமாகா ஆண்கள் நலச் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஐம்பத்திரண்டு வயது சீனியப்பனுக்கு இந்தத் துறையில் அனுபவம் அதிகம் என்பதால் அவர் தலைவர். மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்த தவசிலிங்கம் செயலாளர்.

தவசிலிங்கத்துக்கு முப்பத்தெட்டு. பதினோரு பெண் வீடுகளில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தவர். பதினோரு வீட்டிலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. தம்பிக்குக் கல்யாணமாகி, தம்பி மகள் ரெண்டாம் வகுப்புக்கே போய்விட்டாள். இவர் இன்னும் பஸ் நிலையத்து மெஸ்ஸில் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனக்கென்று ஒருத்தி சோறு போடக்கூட வேண்டாம், சாப்பிட்டீங்களா என்று கேட்டாலே போதும் என்ற நிலைமைக்கு மனுஷன் வந்திருந்தார்.

அதனால் அவரே யோசனை சொல்லி, சங்கத்தின் பெயரில் வரன் அறிமுக விழா ஒன்றுக்கு நாள் குறித்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பெண் வீட்டாரை எல்லாம் அழைப்பது, மேடையில் ஒவ்வொரு வரனாக ஏற்றுவது, கையில் ஆளுக்கொரு படிவத்தைக் கொடுப்பது என்று ஏற்பாடு. படிவம் அடிக்க டவுனில் இருந்த அச்சகத்துக்கு நாலு பேர் போனார்கள். தலைவர், செயலாளர், கல் குவாரியில் வேலை பார்த்த சங்கிலி, அப்புறம் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியதால் சங்கத்தின் அறிவாளி என்று பெயரெடுத்த குருவையா.

அச்சகக்காரர் தெய்வநாயகம் பொறுமைசாலி. ஒரு வரனுக்கு மூன்று தாள் சேர்ந்தது ஒரு செட், இருபத்தைந்து செட் ஒரு புத்தகம் என்று விளக்கினார். வெள்ளை பெண் வீட்டுக்கு, ரோஸ் மாப்பிள்ளைக்கு, மஞ்சள் சங்கத்துக்கு. இது கார்பன் வைக்கத் தேவையில்லாத தாள், மேலே எழுதினால் கீழே தானாக இறங்கும், ஆனால் நன்றாக அழுத்தி எழுத வேண்டும் என்றார். முதலில் ப்ரூஃப் தருவேன், ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், சரி என்றால் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் தப்பு என்று என்னிடம் வரக்கூடாது என்றும் சொன்னார். நாலு பேரும் அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டார்கள். தெய்வநாயகத்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

ப்ரூஃப் வந்ததும் சங்கம் கூடியது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறாரே. ஆளுக்கு ஒரு எழுத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருத்தர் ‘க’வை மட்டும் பார்த்தார், ஒருத்தர் ‘ப’வை மட்டும் பார்த்தார். சீனியப்பன் தலைவர் என்பதால் புள்ளிகளை எல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வரை பார்த்து, எந்த எழுத்துக்கும் கை கால் உடையவில்லை என்று தீர்மானம் போட்டு, இருபத்தைந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டோ ஒட்டும் கட்டம் அதில் விட்டுப்போயிருந்தது. கட்டம் எழுத்து இல்லை என்பதால் அதைப் பார்க்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் புத்தகம் வந்து சேர்ந்தது. பளபளவென்று இருந்தது. ஒரு குறைதான் தெரிந்தது. பின்னட்டை புத்தகத்தைவிட ஒரு முழம் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எழுதுகிற செட்டுக்கு அடியில் அதை மடித்துச் சொருகினால்தான் எழுத்து அடுத்த செட்டுக்கு இறங்காது. அதையும் தெய்வநாயகம் சொல்லியிருப்பார். புத்தகம் வாங்கப் போனவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

“அளவு தெரியாம வெட்டிருக்காரு,” என்றார் சீனியப்பன்.

“பாவம், வயசாயிருச்சுல்ல. நம்மளே வெட்டிருவோம் தலைவரே. அவரு மனசு நோகக் கூடாது,” என்றார் குருவையா.

கத்தரிக்கோல் வந்தது. மிச்ச அட்டையை நறுக்கி எடுத்தார்கள். வெயில் காலம் என்பதால் தலைவர் அதை விசிறியாக வைத்துக்கொண்டார்.

அடுத்தது அழுத்தி எழுதுவது. ஊரிலேயே அதிகம் அழுத்தக்கூடியவர் சங்கிலிதான், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, பேனாவை உளி மாதிரி பிடித்து, ஏறக்குறைய மேஜை மேலேயே ஏறி நின்றார். செயலாளர் என்ற முறையில் தவசிலிங்கத்தின் விவரம் முதலில். பெயர், வயது, உயரம், தீவனக் கடை, கெட்ட பழக்கம் எதுவுமில்லை. எழுதி முடித்தபோது மேஜையின் ஒரு கால் உள்வாங்கியிருந்தது. பேனாவும் செத்துப்போயிருந்தது.

முதல் செட்டை, கிழிப்பதற்காகக் குத்தியிருந்த புள்ளி வரிசைப்படி கிழித்தெடுத்தார்கள். இரண்டாவது செட்டில் தவசிலிங்கம் இருந்தார். மூன்றாவதிலும் இருந்தார். புரட்டிக்கொண்டே போனார்கள். இருபத்தைந்தாவது செட்டின் மஞ்சள் தாளில்கூடத் தவசிலிங்கம், வயது முப்பத்தெட்டு, கெட்ட பழக்கம் எதுவுமில்லை.

பெயரை மட்டும் அடித்துவிட்டு எழுதலாமே என்று ஒருத்தர் கேட்டார். குருவையா படிவத்தின் கடைசி வரியைக் காட்டினார். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று அச்சடித்திருந்தது. வேறு அடிக்கலாம் என்றால் தெய்வநாயகம் கடையைப் பூட்டிவிட்டுக் குலசாமி கும்பிடப் போய்விட்டார்.

“அப்ப என்ன செய்ய?” என்றார் சீனியப்பன்.

குருவையா கண்ணை மூடினார். தலையாட்டினார். “நம்ம சங்கத்தோட நோக்கம் என்ன? இருபத்தஞ்சு கல்யாணம். அதை இருபத்தஞ்சு பேரு பண்ணணும்னு விதியில இல்லையே. ஒருத்தரே இருபத்தஞ்சு தடவை மேடை ஏறட்டும். ஒவ்வொரு செட்டுலயும் அச்சடிச்ச நம்பரு வேற வேறதானே இருக்கு.”

இருபத்து நாலு பேர் தங்கள் கல்யாண ஆசையை அந்த இடத்திலேயே துறந்தார்கள். தலைவர் விசிறிக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவசிலிங்கத்துக்கு மட்டும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாழ்க்கையில் பதினோரு தடவை தோற்ற பிறகு, ஒரே காலையில் இருபத்தைந்து தடவை ஜெயிக்க வழி கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பியது. கொட்டாங்குளத்துக்குப் பெண் கொடுக்கத் துணிந்து வந்தவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சீனியப்பன் மைக்கில், வரன் எண் ஒன்று, தவசிலிங்கம் என்றார். தவசிலிங்கம் புதுச் சட்டையில் ஏறி, தன் கடை, தன் குணம், இந்த ஜில்லாவின் மாடுகள் எல்லாம் தன்னை நம்பி இருப்பது எல்லாவற்றையும் கால் மணி நேரம் பேசினார். இடதுபக்கம் இறங்கி, சமையல்கட்டைச் சுற்றி ஓடி, வலதுபக்கம் ஏறினார். வரன் எண் இரண்டு, தவசிலிங்கம். மறுபடியும் இறங்கி ஓடினார்.

பெண் வீட்டார் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு கண்ணும் கருத்துமாக ஒப்பிட்டார்கள். நாலாம் நம்பரைவிட ஆறாம் நம்பர் களையாக இருக்கிறார் என்றது ஒரு கூட்டம். எட்டு கொஞ்சம் கறுப்பு என்று ஒரு சித்தப்பா எழுந்து போய்விட்டார். பன்னிரண்டுக்கு மேல் தவசிலிங்கத்தால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியது. பத்தொன்பதாவது தடவை ஏறியபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கும்பிட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே முன்வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

முன்வரிசையில் வடமலைப்பட்டி அழகர்சாமி தன் மகள் செல்லக்கனியோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அப்பா காதில் ஏதோ சொன்னாள். விழா முடிந்ததும் அழகர்சாமி, செயலாளரைத் தேடி வந்தார்.

“முடிவு பண்ணிட்டோம் தம்பி. பத்தொம்போதாம் நம்பரு.”

தவசிலிங்கம் ஒரு அடி முன்னால் வந்தார். “ஒண்ணாம் நம்பரு?” என்றார்.

“அவரு ரொம்பப் பேசுறாருன்னு எம்மக வேண்டாம்னுட்டா. பத்தொம்போது தங்கமான ஆளு. வந்தவுகள சாப்பிட்டீகளான்னு கேட்டுச்சுல்ல.”

மற்ற பெண் வீட்டார் எல்லாம் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். தவசிலிங்கம் மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செல்லக்கனியை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இருபத்தைந்து தடவை மேடையிலிருந்து பார்த்த முகம். இப்போது எவனோ ஒருத்தன் கொண்டுபோய்விட்டான். ரோஸ் தாள்களில் பத்தொன்பதைத் தேடி எடுத்து ஒன்றோடு வைத்துப் பார்த்தார். பெயர் அதே, வயது அதே, உயரம் அதே, தீவனக் கடைகூட அதே.

“எங்கிட்ட இல்லாதது அவங்கிட்ட என்னய்யா இருக்கு?” என்று குருவையாவைக் கேட்டார். குருவையா கண்ணை மூடி யோசித்து, அதிர்ஷ்டம் என்றார். தவசிலிங்கம் மனசார அழுதது அன்றைக்குத்தான்.

இருபது நாளில் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதே தெய்வநாயகம் அச்சடித்தது. மணமகன் தவசிலிங்கம் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. தவசிலிங்கம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பெயர் ஒன்றாக இருந்து என்ன பிரயோசனம் என்று பெருமூச்சு விட்டார். போகாமல் இருந்தால் பொறாமை என்று நினைப்பார்கள். அதனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, சங்கத்தார் இருபத்து நாலு பேரோடு வேனில் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

முகூர்த்தம் நெருங்கியது. மாப்பிள்ளையைக் காணோம். ஐயர் இரண்டு முறை கூப்பிட்டார். அழகர்சாமி வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டிருந்தார். பொட்டலத்துக்குள் கடிகாரம் டிக் டிக் என்றது.

“பொறுப்பே இல்லாத பய,” என்றார் தவசிலிங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு. “நானா இருந்தா விடியக்காலமே வந்து உக்காந்திருப்பேன்.”

“அதான் உங்களுக்கு அமையல,” என்றார் சீனியப்பன், விசிறிக்கொண்டே.

மணவறையில் இருந்த செல்லக்கனி தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் அவள் கண் நின்றது. முகம் மலர்ந்துபோய், சீக்கிரம் வாங்க என்று கையைக் காட்டினாள்.

தவசிலிங்கம் திரும்பிப் பின்னால் பார்த்தார். அப்புறம் பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பத்தொன்பதாம் நம்பர் வருகிற வழியை மறைக்கக் கூடாது என்று நாற்காலியை நகர்த்திப் போட்டு, காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.