காப்பிக் கடைத் தல்கீன்

"நான் செத்தா, எந்த அம்மா பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவீங்க, அபு?"

மிஸ்வார் கேட்டான்.

அபு முக்லிஸ் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூல் ஊசிக்குள் நுழையமாட்டேன் என்றது.

"அவசரமா?" என்றார்.

"எது? சாவா, பதிலா?"

"ரெண்டுல எது முந்துதோ அது."

அபு என்றால் அப்பா. ஆச்சேக் கடற்கரையில் மதரஸா நடத்துகிறவரை ஊர் அப்படித்தான் அழைக்கும். இந்த அபுவுக்குத் தாடி இன்னும் முழுசாக இறங்கவில்லை. மிஸ்வாருக்கோ தாடி பாதி வெளுத்துவிட்டது. பழைய அபு மவுத்தானதும் மகன் வந்து அதே பாயில் உட்கார்ந்தார். மிஸ்வாரும் அதே இடத்தில் உட்கார்ந்தான். அப்பா காலத்தில் கடைசி வரிசை. மகன் காலத்திலும் கடைசி வரிசை.

கேள்வி பிறந்த இடம் தர்மிஸியின் காப்பிக் கடை.

அந்த ஊரில் இறந்த உடலை அடக்கி, மண் மூடியதும், அபு கபரின் தலைமாட்டில் உட்காருவார். இறந்தவரை அவருடைய தாயின் பேரைச் சொல்லி, இன்னாரின் மகனே என்று அழைப்பார். வானவர் இருவர் வருவார்கள், கேள்வி கேட்பார்கள், பயப்படாதே, இப்படிப் பதில் சொல் என்று சொல்லிக்கொடுப்பார். அதற்குத் தல்கீன் என்று பேர்.

மிஸ்வாருக்கு எல்லோர் குரலும் வரும். ஊர்த்தலைவர் குரலில் வரி கேட்பான். பாங்கு சொல்லும் மோதினார் குரலில் இருமுவான். கடல் வழக்கு தீர்க்கும் பங்லிமாவின் குரலில் அவன் ஒரு அதட்டல் போட்டால், கரையில் நிற்கிற படகுக்காரர்கள் நங்கூரத்தைத் தூக்கிவிடுவார்கள்.

நேற்று மத்தியானம் தர்மிஸி தன் கடை பெஞ்சிலேயே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மிஸ்வார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தான். அச்சு அசலாக அபுவின் குரல் புறப்பட்டது.

"ருக்காயாவின் மகனே, தர்மிஸியே. இருவர் வருவார்கள். பயப்படாதே. காப்பித் தூளில் வறுத்த சோளம் கலந்தாயா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடாதே. அவர்களும் உன் கடையில் குடித்திருக்கிறார்கள்."

தர்மிஸி கண்ணைத் திறந்தான். மேலே கூரை. பக்கத்தில் அபுவின் குரல். சுற்றி நின்ற ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது அவனுக்கு அழுகிற மாதிரித் தெரிந்தது.

"கலந்தேன்," என்றான். "கொஞ்சமாத்தான் கலந்தேன்."

கடை குலுங்கியது.

தர்மிஸி எழுந்து உட்கார்ந்து, தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தான். அப்புறம் மிஸ்வாரைப் பார்த்தான்.

"சிரிடா. எனக்காவது ருக்காயான்னு ஒருத்தி இருந்தா. உனக்கு ஓதறப்ப அபு என்னத்தைச் சொல்லுவாரு? படகின் மகனேன்னா?"

கடை இன்னும் பலமாகக் குலுங்கியது. மிஸ்வார்தான் அதிகம் சிரித்தான். ஊர்த்தலைவர் மாதிரி, மோதினார் மாதிரி, பங்லிமா மாதிரி, ஒவ்வொருவராகச் சிரித்துக் காட்டினான்.

பிறகு அந்தி விழுந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஆச்சேயில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். பிறந்தால் அம்மா வீடு. கட்டிக்கொண்டால் மனைவி வீடு. இரண்டும் இல்லாத ஆணுக்கு ஊர்த் தொழுகைக் கூடத்தில் பாய் உண்டு. அந்தக் கூடத்தை மெனாசா என்பார்கள். அங்கே இளவட்டங்கள் வந்து படுப்பார்கள், கல்யாணமாகிக் கிளம்பிவிடுவார்கள். மிஸ்வார் பல கூட்டம் இளவட்டங்களை அனுப்பிவைத்தவன்.

இப்போது அபு நூலைப் பல்லால் கடித்து நுனியைக் கூராக்கினார்.

"தாய் பேரு தெரியலன்னா ஹவ்வாவின் மகனேன்னு சொல்லணும்," என்றார். "கிதாபுல இருக்கு."

"தெரியும். உங்க அப்பாவும் அதைத்தான் சொன்னாரு."

"அப்புறம்?"

"ஹவ்வா ஆதம் காலத்துலேருந்து எல்லாருக்கும் அம்மா. எல்லாருக்கும் அம்மான்னா எனக்கு மட்டும் என்ன அம்மா? கந்தூரிச் சோறு மாதிரி. ஊரே சாப்பிடும். ஊரே சாப்பிட்டதாலேயே உன் வீட்டுச் சோறுன்னு ஆயிடுமா?"

அபு ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நூல் நுழைந்துவிட்டது.

"பால் கொடுத்தவங்க இருப்பாங்களே," என்றார் கொஞ்சம் கழித்து. "அவங்க பேரு?"

"யார் பேரு? கைக்குழந்தை வெச்சிருந்த எல்லாரும் கொடுத்தாங்க. அதுலதான் என் பொழப்பே போச்சு."

நடந்தது இதுதான். ஒரு காலைப்பொழுதில், ஆளில்லாத படகு ஒன்று கரை ஒதுங்கியது. உள்ளே ஒரு குழந்தை அழுதது. படகு யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. ஊர்ப்பெண்கள் யோசிக்கவில்லை. ஆளுக்கு ஆள் வாங்கிப் பால் கொடுத்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒருவரும் கணக்கு வைக்கவில்லை. பசித்த பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?

பிள்ளை வளர்ந்தான். நுர்மலாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். பழைய அபு உதட்டைப் பிதுக்கினார். அவள் தாய் உனக்குப் பால் கொடுத்தவள், அவள் உனக்குத் தங்கை, ஆகாது என்றார். அடுத்து ஒருத்தியைச் சொன்னான். அவளும் தங்கை. அதற்கடுத்தவளும் தங்கை.

வெளியூரில் பார் என்றார் பழைய அபு.

வெளியூரில், நீ யார் மகன் என்று கேட்டார்கள்.

"எனக்கு ஒரு பேரு கொடுங்க, அபு," என்றான் மிஸ்வார். "பொய்ப் பேரா இருந்தாலும் சரி. ஒரு பொம்பளை பேரு. தலைமாட்டுல உட்கார்ந்து அதைச் சொல்லுங்க. எனக்குன்னு சொன்னதா இருக்கட்டும்."

"நீங்க எல்லார் குரலும் போடுவீங்க, இல்லையா?"

"போடுவேன்."

"உங்க அம்மா குரல் போடுங்க."

மிஸ்வார் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

அபு சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான் ஒன்று தள்ளித் தைக்கப்பட்டிருந்தது. அப்படியே போட்டுக்கொண்டு பாடம் எடுக்கப் போனார்.

மிஸ்வார் எப்போதும் போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பாடம் காதில் விழவில்லை.

மழை ஓய்ந்த ஒரு வியாழக்கிழமை, பங்லிமாவின் படகு வலையில் மீனில்லாமல் திரும்பியது. படகில் பாய்மரத் துணி விரித்து, அதன் மேல் ஓர் உடம்பு கிடந்தது.

கடலில் உடம்பைக் கண்டவன் வலையை அறுத்துவிட்டாவது அதைக் கரைசேர்க்க வேண்டும். அடக்கம் முடிகிறவரை எந்தப் படகும் கடலில் இறங்கக் கூடாது. அது அந்தக் கடலின் சட்டம்.

ஊர் கூடியது. ஆள் வாலிபன். முகத்தைக் கடல் பாதி எடுத்துக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த லுங்கியின் கட்டம் இந்தப் பக்கத்துக் கட்டம் இல்லை.

"எந்த ஊர்க்காரன்?" என்றார் ஊர்த்தலைவர்.

"கேட்டேன், சொல்லல," என்றார் பங்லிமா. அவர் காற்றோடு பேசியே பழகியவர். மெதுவாகச் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

குளிப்பாட்டியவர்கள் வெளியே வந்து, சுன்னத் செய்திருக்கிறது, நம்ம ஆள்தான் என்றார்கள். கஃபன் துணி சுற்றினார்கள். அவனுக்காகத் தொழுதார்கள். கடலோரக் கபரஸ்தானில், மணல் சரியாத பக்கமாகப் பார்த்துக் குழி வெட்டினார்கள். மண் மூடினார்கள்.

அபு தலைமாட்டில் உட்காரவில்லை.

"மிஸ்வார்," என்றார். "நீங்க ஓதுங்க."

கூட்டம் சலசலத்தது. தர்மிஸி பக்கத்து ஆளின் காதில், "இவன் வாயைத் திறந்தாலே எனக்குச் சோளம் ஞாபகம் வருமே," என்றான்.

"நானா?" மிஸ்வார் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "காப்பிக் கடைக்குத் தண்டனையா, அபு?"

"தொண்டை கட்டியிருக்கு," என்றார் அபு, கணீரென்று.

மிஸ்வார் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். அபுவின் குரல் வந்தது. கண்ணை மூடினால் அபுவேதான். ஒருவன் தன்னை மறந்து ஆமீன் சொல்லிவிட்டான்.

அபு குனிந்தார். "இவர் என் குரலைக் கேட்டதே இல்லையே."

மிஸ்வார் நிறுத்தினான். யோசித்தான். பழைய அபுவின் குரலை எடுத்தான். கிழவர்கள் இரண்டு பேர் சட்டென்று நிமிர்ந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"என் அப்பாவையும் இவருக்குத் தெரியாது."

"பங்லிமா குரல்ல ஓதட்டுமா? கடல்ல இருந்து தூக்கிவந்தவரு அவருதான்."

"அப்போ இவருக்குக் காது கேட்டிருக்காதே."

"பின்னே இவருக்குப் பழகின குரல் யாருது, அபு?"

"எனக்கென்ன தெரியும்?"

அபு ஒதுங்கி நின்றுகொண்டார்.

காற்று புது மண்ணின் மேல்பொடியை அள்ளிப் போனது. மிஸ்வார் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது.

"ஹவ்வாவின் மகனே."

தர்மிஸி திரும்பிப் பார்த்தான், யார் புதிதாக வந்தது என்று. யாரும் வரவில்லை. குரல் மெலிசாக இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் பிசிறியது. அந்த ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. மிஸ்வாரும்.

"ஹவ்வாவின் மகனே," என்றான் மறுபடி. "இருவர் வருவார்கள். பயப்படாதே."

யாரும் சிரிக்கவில்லை.

"உன் இறைவன் யார் என்று கேட்பார்கள். சொல்லு. உன் நபி யார் என்று கேட்பார்கள். சொல்லு. உன் வேதம் எது என்று கேட்பார்கள். சொல்லு. உன் சகோதரர் யார் என்று..."

அங்கே நின்றுவிட்டான்.

மறந்துவிட்டான் என்று மோதினார் நினைத்தார். எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். அபு கையைக் காட்டினார். மோதினார் வாயை மூடிக்கொண்டார்.

மிஸ்வார் உள்ளங்கையை மண்மேல் வைத்தான்.

"கேட்பார்கள்," என்றான். "சொல்லு."

மீதியை ஓதி முடித்தான். துஆ கேட்டார்கள். முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்ததும் ஊர் கலைந்துவிடும். போகிறவர்களின் காலடிச் சத்தம் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும் என்பார்கள். அதனால் சொந்தக்காரர்கள் மட்டும் கொஞ்ச நேரம் பின்தங்கி, கபரருகில் உட்கார்ந்து ஓதுவார்கள். மற்றவர்கள் உட்காருவது வழக்கமில்லை. பிறர் துக்கத்தில் இடம் பிடிக்கக் கூடாது.

பங்லிமா எழுந்து மணலை உதறினார்.

"சொந்தம்னு யாராவது இருந்தா இருங்க. மத்தவங்க கிளம்புங்க. படகு காத்துக்கிட்டிருக்கு."

சொந்தம் என்று யார் இருக்கப் போகிறார்கள்? கேட்பது முறை, கேட்டார். ஆட்கள் மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தர்மிஸி போகும்போது மிஸ்வாரின் தோளைத் தொட வந்து, தொடாமல் போனான்.

கால்களின் சத்தம் தேய்ந்தது.

பங்லிமா வேலியோரம் போய்த் திரும்பிப் பார்த்தார். மிஸ்வார் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

"டேய் மிஸ்வார். சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுது, பங்லிமா."

"அப்ப எழுந்து வா."

மிஸ்வார் காலை மடக்கி, இன்னும் வசதியாக உட்கார்ந்தான்.

பங்லிமா அபுவைப் பார்த்தார். அபு சட்டையின் கோணல் பொத்தானை அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுந்து வாடா. உனக்கு அவன் யாரு?"

"தம்பி புதுசு, பங்லிமா," என்றான் மிஸ்வார், அதே பிசிறடித்த குரலில். "இந்த ஊர்ல யாரையும் தெரியாது."